மே மாதத்தில் காலியாகும் கட்டில்: உறைவிடப் பள்ளிக்குத் தாமதமாக விண்ணப்பிக்கும் சென்னைப் பெற்றோருக்கு

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை, சென்னையில் பல வீடுகளிலிருந்து ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் மலைப் பள்ளிகளுக்குப் போகின்றன. அண்ணா நகரிலிருந்து ஒரு தாய், வேளச்சேரியிலிருந்து ஒரு தந்தை, பெரம்பூரிலிருந்து ஒரு தாத்தா. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, மதனப்பள்ளி என்று வரிசையாக அழைத்து, “ஏழாம் வகுப்புக்கு ஓர் இடம் இருக்குமா சார்?” என்று கேட்கிறார்கள். கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் மூன்றே வகை. “சேர்க்கை எப்போதோ முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு பாருங்கள்” என்பது ஒன்று. “பெயரைப் பதிந்து வையுங்கள், இடம் வந்தால் அழைக்கிறோம்” என்பது இரண்டாவது. “இடம் இருக்கிறது, இன்றே பணம் கட்டிவிடுங்கள்” என்பது மூன்றாவது.

பெற்றோருக்கு முதல் பதில் ஏமாற்றத்தையும் மூன்றாவது நிம்மதியையும் தருகிறது. என் கணிப்பில், மிகுந்த எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மூன்றாவது பதிலைத்தான். நம்பிக்கை வைக்கத் தக்கது இரண்டாவது. ஏன் என்று புரிய வேண்டுமானால், விடுதியில் ஓர் இடம் எப்படி நிரம்புகிறது, எப்படிக் காலியாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பகல் பள்ளியில் ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், வேண்டியவர் சொன்னார் என்று நாற்பத்தொன்றாவது பிள்ளைக்கு ஒரு நாற்காலி போட்டுவிடலாம். விடுதியில் அது நடக்காது. ஒரு பிள்ளை என்றால் ஒரு கட்டில், ஓர் அலமாரி, குளியலறையில் காலை நேரத்தில் ஒரு முறை, மெஸ்ஸில் ஓர் இருக்கை, இரவில் காய்ச்சல் வந்தால் எழுந்து வரக்கூடிய ஒரு வார்டனின் கவனம். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கட்டடங்கள். அவற்றுக்குள்ளும் சிறு வகுப்பினர், நடு வகுப்பினர், மேல் வகுப்பினர் என்று பிரிவுகள். எட்டாம் வகுப்பு மாணவியின் கட்டில் காலியானால் ஆறாம் வகுப்பு மாணவனுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ‘பள்ளியில் இடம் இருக்கிறதா’ என்ற கேள்விக்கு உண்மையில் பதிலே கிடையாது. இந்த வயதில், இந்தப் பிள்ளைக்கு, இந்த விடுதிக் கட்டடத்தில் ஒரு கட்டில் இருக்கிறதா என்பதற்குத்தான் பதில் உண்டு.

பழைய மலைப் பள்ளிகளில் இந்த எண்ணிக்கை இன்னும் இறுக்கமானது. லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி 1858-இல் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. இன்று அது முழுத் தனியார் பள்ளி அல்ல, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ்த் தன்னாட்சியோடு இயங்குகிறது. ஊட்டியின் ஹெப்ரான் 1899-இலும், கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி 1901-இலும் தொடங்கப்பட்டவை. இங்கே பணியாற்றிய கிறிஸ்தவ ஊழியர்களின் குடும்பங்களுக்கு, சமவெளி வெயிலிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிப் படிக்கவைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. கேத்தியில் உள்ள லெய்ட்லா நினைவுப் பள்ளி 1914-ஐயும், ஏற்காட்டின் மான்ட்போர்ட் 1917-ஐயும் சேர்ந்தவை. இவற்றில் பல, குறிப்பிட்ட எண்ணிக்கைப் பிள்ளைகளுக்கென்று கட்டிய வளாகங்கள். தேவை கூடியது என்று நீலகிரியிலோ கொடைக்கானலிலோ நினைத்தவுடன் ஒரு மாடி எழுப்பிவிட முடியாது. மலைப் பகுதிகளில் கட்டடம் கட்டுவதற்குத் தனிக் கட்டுப்பாடுகளும் அனுமதிகளும் உண்டு. சமவெளியில் பத்து ஏக்கர் வாங்கிய புதிய பள்ளி, அடுத்த ஆண்டே இன்னொரு விடுதியைக் கட்டிவிடும். மே மாதத்தில் எங்கே இடம் இருக்கிறது, எங்கே இல்லை என்பதில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலேயே அடங்கிவிடுகிறது.

பழைய பள்ளிகளின் சேர்க்கைச் சுழற்சி ஏறத்தாழ ஓராண்டு நீளம் கொண்டது. முந்தைய ஆண்டின் நடுப்பகுதியில் பதிவு தொடங்கும். மழைக்காலத்திலோ பனிக்காலத்திலோ நுழைவுத்தேர்வும் நேர்காணலும் நடக்கும். பொங்கலை ஒட்டியோ அதற்குப் பிறகோ தேர்வானவர்களுக்குக் கடிதம் போகும். முதல் தவணை கட்டச் சொல்வார்கள். பெரும்பாலும் நான்கு, ஐந்து, ஆறாம் வகுப்புகளில் அதிகம் பேரைச் சேர்ப்பார்கள். பிறகு பதினொன்றாம் வகுப்பில் கதவு மறுபடி சற்று அகலத் திறக்கும். இடைப்பட்ட வகுப்புகளில் யாராவது போனால்தான் இன்னொருவர் வர முடியும். ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த மதனப்பள்ளிக்கு அருகில் அவரது சிந்தனையின் அடிப்படையில் இயங்கும் ரிஷி வேலி போன்ற பள்ளிகள், பிள்ளையை மட்டுமல்லாமல் பெற்றோரையும் நேரில் பார்த்துப் பேசியே முடிவெடுக்கின்றன. அதற்கென்று நாட்கள் ஒதுக்கும் பள்ளியிடம் மே இருபதாம் தேதி போய் அவசரம் காட்டுவதில் பொருளில்லை.

இதில் ஒரு விலக்கும் உண்டு. சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளின் கல்வியாண்டு பொதுவாக ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ தொடங்குகிறது. கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி 1976-லிருந்து ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலாரியட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தை நடத்துகிறது, இந்தியாவில் அதை முதலில் ஏற்ற பள்ளி அது. இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு மே மாதத்தில் அழைப்பவர், ஜூனில் திறக்கும் பள்ளிக்கு அழைப்பவரைவிட இரண்டு மாதம் முன்னால் இருக்கிறார். கட்டணமோ பல மடங்கு. அதனால் இந்த வழி எல்லோருக்கும் உரியதல்ல.

கட்டில் காலியாகும் பருவங்கள் சில இருக்கின்றன. முதலாவது, பணம் கட்டச் சொன்ன கெடு முடியும்போது. இரண்டு மூன்று பள்ளிகளில் தேர்வான பிள்ளை ஒன்றில்தான் சேரும். மற்ற இடங்கள் மார்ச், ஏப்ரலில் விடுபட்டுக் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும். இரண்டாவது, மே மாதம். பெற்றோருக்கு வெளிநாட்டுப் பணி மாறுகிறது, வங்கியில் இடமாற்றம் வருகிறது, தொழிலில் நட்டம் வருகிறது, அல்லது புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பாட்டிக்கு மனம் வராமல் போகிறது. மூன்றாவது பருவத்தைப் பற்றி வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. பள்ளி திறந்து முதல் சில வாரங்கள். வீட்டு ஏக்கம் தாங்காமல், சாப்பாடு இறங்காமல், இரவுகளில் அழும் பிள்ளைகளில் சிலரைப் பெற்றோர் வந்து அழைத்துப் போய்விடுகிறார்கள். ஜூலையில் ஒரு கட்டில் காலியாவதற்கு வழக்கமான காரணம் இதுதான். அடுத்ததாகக் காலாண்டு விடுமுறைக்கும் அரையாண்டு விடுமுறைக்கும் வீட்டுக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகள்.

ஆகவே “பெயரைப் பதிந்து வையுங்கள்” என்ற பதிலைத் தட்டிக்கழிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் பள்ளிக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, அதை அது மதிக்கிறது என்பதற்கு அது அடையாளம். அங்கே தேர்வுக் கட்டணத்தைக் கட்டி, பிள்ளையைத் தேர்வு எழுதவைத்து, மதிப்பெண் பட்டியல்களைக் கொடுத்து, கோப்பை முழுமையாக வைத்துவிட வேண்டும். ஜூலையில் திடீரென ஒரு கட்டில் காலியாகும்போது, அலுவலகம் முதலில் அழைப்பது முழுமையான கோப்பு உள்ளவரைத்தான். வாரம் ஒரு முறை பணிவாக ஓர் அழைப்போ மின்னஞ்சலோ போதும். அமைச்சரின் உதவியாளரைவிட்டுப் பேசச் சொல்வது, நல்ல பள்ளிகளில் எதிர்விளைவையே தரும்.

மே மாதத்தில் எந்த வகுப்பைக் கேட்டாலும் “உண்டு” என்று சொல்லி, தேர்வும் இல்லாமல், பிள்ளையைப் பார்க்கவும் கேட்காமல், அன்று மாலைக்குள் பணம் கேட்கும் பள்ளியிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது? புதிய பள்ளி, சென்ற ஆண்டுதான் விடுதி கட்டினோம் என்றால் அது நியாயமான பதில். பத்தாண்டுப் பழைய பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் பதினைந்து கட்டில்கள் காலி என்றால், எட்டாம் வகுப்பு முடித்த பதினைந்து பேர் எங்கே போனார்கள் என்று தெரிய வேண்டும். அதை அலுவலகம் சொல்லாது. அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சொல்வார்கள். இரண்டு மூன்று பெற்றோரின் எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கும் பள்ளியைப் பற்றி அந்தத் தயக்கமே சிலவற்றைச் சொல்லும்.

சில வகுப்புகளுக்குத் தாமதம் என்ற பேச்சே இல்லை, அவை மூடியவை. சி.பி.எஸ்.இ. வாரியத்தில் மாணவர்களின் பதிவு ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் நடக்கிறது. பத்திலும் பன்னிரண்டிலும் நேரடியாகச் சேர, பெற்றோரின் பணியிட மாற்றம் போன்ற குறுகிய காரணங்களும் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளிலும் நிலைமை ஏறத்தாழ அதுவே. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்து, பத்தாம் வகுப்புக்கு உறைவிடப் பள்ளி தேடும் பெற்றோர் சென்னையில் நிறையப் பேர். அவர்களிடம் “எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால், எந்த விதியின் கீழ் என்று கேட்க வேண்டும். பிள்ளையின் பொதுத்தேர்வுப் பதிவில் சிக்கல் வந்தால் அது ஜனவரியில்தான் தெரியவரும். அப்போது எதையும் சரிசெய்ய நேரமிருக்காது.

சைனிக் பள்ளியைப் பொறுத்தவரை தேதியைவிட வயதுதான் கதவை மூடுகிறது. உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகரில் 1962-லிருந்து இயங்கும் பள்ளியில், ஆறாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று வயது 10 முதல் 12-க்குள், ஒன்பதாம் வகுப்புக்கு 13 முதல் 15-க்குள் இருக்க வேண்டும். அகில இந்திய நுழைவுத்தேர்வு வழியாக மட்டுமே இடம். டேராடூனில் 1922-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியில் சேர்க்கை எட்டாம் வகுப்பில் மட்டும். வயது பதினொன்றரைக்கும் பதின்மூன்றுக்கும் இடையில். ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை என்பதால் அங்கே ஒரு தேர்வைத் தவறவிட்டாலும் இன்னொன்று உண்டு. இவை தனியார் பள்ளிகள் அல்ல. ஆனால் கட்டணம் தாங்கக்கூடிய நல்ல விடுதியைத் தேடும் நடுத்தரக் குடும்பங்கள் இவற்றைக் கேள்விப்படும்போது பிள்ளைக்கு வயது கடந்துவிட்டிருக்கும் என்பதால் குறிப்பிடுகிறேன். பல மாநிலங்களில் பெரும்பாலும் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு உறைவிடக் கல்வி தரும் நவோதயா பள்ளிகள் தமிழ்நாட்டில் இல்லை என்பதும், இங்கே தனியார் விடுதிகளுக்கு இவ்வளவு தேவை இருப்பதற்கு ஒரு காரணம்.

பதினொன்றாம் வகுப்பின் கதை தனி. பத்தாம் வகுப்பு முடிவு மே மாதத்தில் வருகிறது. அதற்குப் பிறகு நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் பிள்ளையைச் சேர்ப்பது சென்னைக் குடும்பங்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். இது எப்படி வளர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத்தேர்வைத் தமிழக அரசு நீக்கியபின், 2007 முதல் 2016 வரை மருத்துவ இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கிடைத்தன. 1200-க்கு எத்தனை என்பதே எல்லாமாகிவிட்டது. பிளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்து, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கவைத்த விடுதிப் பள்ளிகள் இந்தக் காலத்தில்தான் கொழித்தன. மக்கள் அவற்றுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயர் வைத்தார்கள். 2017-இல் நீட் வந்தது. நீட் கேள்விகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடமும் சமமாக வரும் என்பதால் அடித்தளமே இல்லாத பிள்ளைகள் தடுமாறினார்கள். அதே கல்வியாண்டில், அதாவது 2017–18-இல், பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது அரசு. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு, 2025–26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டது.

இந்த ஒரு மாற்றம், இப்போது பதினொன்றாம் வகுப்பு விடுதி தேடும் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வியைத் தீர்மானிக்கிறது. பிளஸ் ஒன் பாடம் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை நடக்கும்? அதற்கான பள்ளித் தேர்வுகள் எப்போது? பாட அட்டவணையைக் காட்டுங்கள் என்று கேட்கலாம். “அதெல்லாம் மூன்று மாதத்தில் முடித்துவிடுவோம்” என்று பெருமையாகச் சொல்லும் பள்ளி, பழைய வழிக்குத் திரும்புகிறது. இன்னொன்று: சில பள்ளிகள் பத்தாம் வகுப்பு முடிவு வருமுன்பே, ஏப்ரலிலேயே பதினொன்றாம் வகுப்பைத் தொடங்கிவிட்டு, முடிவுக்குப் பின் வரும் பிள்ளையைத் ‘தாமதம்’ என்கின்றன. அந்தப் பிள்ளை தாமதமாக வரவில்லை. பொதுத்தேர்வு எழுதிக் களைத்த பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கோடை விடுமுறை உரிமையானது. அதை எடுத்துக்கொண்டதற்காக யாரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம்.

தாமதமான விண்ணப்பத்தைப் பார்க்கும் பள்ளி என்ன நினைக்கிறது? ‘ஏன் இப்போது?’ என்பதுதான் முதல் எண்ணம். பழைய பள்ளியிலிருந்து வெளியேற்றிவிட்டார்களா, கட்டணப் பாக்கியா, வீட்டில் பிரச்சினையா என்று யோசிப்பார்கள். இதற்குப் பெற்றோர் கூச்சப்பட்டு ஏதேதோ சொல்வதைவிட உண்மையைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. துபாயிலிருந்து வேலை முடிந்து திரும்பினோம். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அம்மா இறந்துவிட்டார். நாங்கள் இருவரும் பிரிந்து வாழ முடிவெடுத்திருக்கிறோம். பள்ளியில் பிள்ளையை மற்றவர்கள் துன்புறுத்தினார்கள். இவை எதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. விடுதிப் பள்ளிகள் இவற்றையெல்லாம் பார்த்தவை. வார்டனுக்கு இந்த விவரம் முதல் நாளே தெரிந்திருந்தால், இரவில் அழும் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியும். மறைத்துச் சேர்த்த குடும்பத்தின் பிள்ளை அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. ஆஸ்துமா, வலிப்பு, படுக்கையில் சிறுநீர் கழித்தல் போன்ற உடல்நிலை விவரங்களை அவசரத்தில் விட்டுவிடுவது இன்னும் ஆபத்து.

சொல்ல மனம் கனக்கும் காரணம் ஒன்று இருக்கிறது. “சொன்னபடி கேட்காவிட்டால் ஹாஸ்டலில் போட்டுவிடுவேன்” என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்கிறோம். ஆண்டு முழுவதும் அதைக் கேட்ட பிள்ளைக்கு, ஏப்ரல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும், செல்போனை வைத்துச் சண்டை வந்ததும், மே மாதத்தில் திடீரென ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி வருகிறார்கள். முன்கூட்டியே திட்டமிட்ட குடும்பத்தில், பிள்ளை பள்ளியைப் போய்ப் பார்த்திருக்கும், தேர்வு எழுதியிருக்கும், ஆறு மாதம் அதைப் பற்றிப் பேசிப் பழகியிருக்கும். தாமதமாக முடிவெடுத்த வீட்டில், பிள்ளைக்குத் தன் தலைவிதி தெரிவது புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு. நான் மேலே சொன்ன ஜூலை மாதக் கட்டில்களில் எத்தனை இப்படிக் காலியாகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. அவசரமாக வந்த பிள்ளை அவசரமாகவே திரும்புகிறது; இதற்கிடையில் பழைய பள்ளியில் அதன் இடமும் போய்விட்டிருக்கிறது. விண்ணப்பம் தாமதமாகலாம். பிள்ளையிடம் கேட்பது தாமதமாகக் கூடாது.

நேரில் போய்ப் பார்ப்பதிலும் மே மாதத்துக்கே உரிய ஒரு குறை உண்டு. கல்வியாண்டு ஜூனில் தொடங்கும் பள்ளிகளில் அப்போது விடுமுறை. சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மேலே போனால், புதிதாக வெள்ளையடித்த டார்மிட்டரியும் துடைத்து வைத்த மெஸ்ஸும்தான் கண்ணில் படும். பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அக்டோபரில் வந்து பார்த்த பெற்றோர் குளியலறை வரிசையைப் பார்த்திருப்பார்கள், இரண்டாம் முறை சோறு கேட்டால் கிடைக்கிறதா என்று பார்த்திருப்பார்கள், பெரிய பையன்கள் சின்னப் பையன்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டிருப்பார்கள். தாமதமாக வருபவருக்கு இவை எதுவும் தெரியாது. முடிந்தால், பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு மீதிப் பணம் கட்டுகிறோம் என்று கேளுங்கள். முடியாதென்றால், வார்டனையாவது சந்திக்காமல் திரும்பாதீர்கள். முதல்வரைவிடப் பிள்ளை அதிக நேரம் இருக்கப்போவது அவரிடம்தான். அவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள், அவர் இரவில் எங்கே தூங்குகிறார், அருகில் எந்த மருத்துவமனை, வீட்டோடு வாரத்தில் எத்தனை முறை பேசலாம், பிள்ளை பேசும்போது பக்கத்தில் யாராவது நிற்பார்களா என்று கேளுங்கள்.

காரில் போவதானால், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் முறை இருக்கிறது. கோடை நெரிசலில் ஒரு நாளைக்கு எத்தனை வாகனங்கள் என்ற வரம்பையும் நீதிமன்றம் 2025-இல் விதித்தது. நேர்காணல் தேதி வந்தவுடனே பாஸைப் பதிவு செய்துவிடுவது நல்லது.

பள்ளியின் அங்கீகாரச் சான்றிதழை எல்லோரும் கேட்கிறார்கள். விடுதியின் சான்றிதழைச் சிலரே கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்த 2014-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விடுதிக்கு மாவட்ட நிர்வாகத்திடம் பதிவும் உரிமமும் வேண்டும். 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி விடுதி மாணவி இறந்தபோதுதான் இந்தப் பதிவு பற்றிய கேள்வி மாநிலம் முழுவதும் எழுந்தது. அந்த உரிமத்தின் நகலைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட உறுதிச் சான்று ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கலாம்.

இனி மாற்றுச் சான்றிதழ். புதிய பள்ளி எழுத்தில் இடம் உறுதி செய்வதற்கு முன்னால் பழைய பள்ளியில் டி.சி. வாங்கிவிடாதீர்கள். வாங்கிய மறுநாளே அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். உறுதியானபின், எமிஸ் என்ற மாநிலக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் பழைய பள்ளி பிள்ளையின் பெயரை விடுவித்துவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விடுவித்தால்தான் தமிழ்நாட்டிலுள்ள அடுத்த பள்ளி அதைத் தன் பதிவில் சேர்க்க முடியும். கட்டணப் பாக்கியைக் காட்டி டி.சி. தர மறுத்தால் சட்டம் பெற்றோர் பக்கம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதம் என்பதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. கட்டணம் வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது, பாக்கி விவரத்தை அதில் எழுதக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதே கல்வி உரிமைச் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு, கல்வியாண்டு தொடங்கியபின் வந்தாலும் பிள்ளைக்குச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. அருகிலுள்ள பள்ளியில் சேர அது பெரிய பாதுகாப்பு. ஆனால் இல்லாத கட்டிலை அது உருவாக்கித் தராது.

பணத்தைப் பற்றிச் சில சொற்கள். தாமதமாக வருபவரின் பதற்றத்தைப் புரிந்துகொண்டு, “நிர்வாக ஒதுக்கீட்டில் ஓர் இடம்” என்று பேரம் பேச வருபவர்கள் இந்தப் பருவத்தில் உண்டு. நன்கொடை வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லிருந்தே சட்டம் இருக்கிறது. ரசீது தராத பணம் எதையும் கொடுக்காதீர்கள். சேர்க்கை ஆலோசகர் என்று வருபவர், பள்ளியிடமிருந்து தரகு பெறுகிறாரா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அப்படிப் பெறுபவர் தரகு தராத பள்ளியின் பெயரை உங்களிடம் சொல்ல மாட்டார். பிள்ளை ஒரு மாதத்தில் திரும்பிவிட்டால் எவ்வளவு பணம் திரும்ப வரும், காப்புத் தொகை எப்போது கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஐ.சி.எப்., துறைமுகம், ரயில்வே என்று சென்னையில் மத்திய அரசுப் பணியில் இருப்பவர்கள் பலர். மத்திய அரசு ஊழியரின் பிள்ளை, வீட்டிலிருந்து குறைந்தது 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உறைவிடப் பள்ளியில் படித்தால் விடுதி மானியம் உண்டு. 2024 ஜனவரி முதல் அது மாதம் 8,437 ரூபாய் 50 காசு. சேர்க்கை அவசரத்தில் இதற்கான சான்றைப் பள்ளியிடம் கேட்கப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டு உறைவிடப் பள்ளிகளைத் தேடும் குடும்பங்களும் சென்னையில் இருக்கின்றன. அமெரிக்காவில் பெரும்பாலான பள்ளிகளின் கெடு ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரித் தொடக்கத்துக்குள். முடிவுகள் மார்ச் 10 அளவில். குடும்பங்கள் ஏப்ரல் 10-க்குள் பதில் சொல்ல வேண்டும். ஏப்ரல் 10 கழிந்தபின், இடம் நிரம்பாத பள்ளிகள் வருகிற விண்ணப்பங்களை அவ்வப்போதே பரிசீலிக்கத் தொடங்கும். அப்போது இடம் கிடைக்கலாம். உதவித்தொகை கிடைப்பது அரிது, ஏனென்றால் அந்த நிதியைப் பெரும்பாலும் மார்ச்சிலேயே பங்கிட்டுவிடுவார்கள். பள்ளி ஐ-20 என்ற சேர்க்கைச் சான்றுப் படிவம் அனுப்பி, எப்-1 மாணவர் விசாவுக்கு அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைத்து, ஆகஸ்டுக்குள் புறப்பட வேண்டும். பிரிட்டனில் ஈட்டன் போன்ற பள்ளிக்குப் பதிமூன்று வயதில் சேர, பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். தவிர, அங்கே தனியார் பள்ளிக் கட்டணத்தின் மீது 2025 ஜனவரி முதல் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி சேர்ந்திருக்கிறது. பழைய கட்டண விவரத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

எல்லாம் பார்த்தபின் மனத்துக்குப் பிடித்த பள்ளியில் இந்த ஆண்டு இடமில்லை, இடமிருக்கும் பள்ளி பிடிக்கவில்லை என்றால், காத்திருப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஆறாம் வகுப்புக்குப் பதிலாக ஏழில் சேர்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாருமே இல்லாத குடும்பத்துக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் பழைய மகாபலிபுரம் சாலையிலோ திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ வார இறுதியில் வீட்டுக்கு அனுப்பும் விடுதிப் பள்ளி இருக்கிறதா என்று பார்க்கலாம். தூரம் குறைவு என்பதால் பிள்ளை அழுதால் அன்று மாலையே போய்ப் பார்த்துவிட முடியும். ஓராண்டு அங்கே இருந்து பழகிய பிள்ளை, அடுத்த ஆண்டு மலைக்குப் போவது எளிது.

காத்திருப்பவர்களுக்கு வேலை ஜூனிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த மாதமே மூன்று பள்ளிகளின் பதிவுத் தேதிகளைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். காலாண்டு விடுமுறைக்கு முன்போ பின்போ, பள்ளி நடக்கும் ஒரு நாளில், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய் மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். நுழைவுத்தேர்வுக்கு ஆங்கிலமும் கணக்கும் வீட்டிலேயே சிறிது சிறிதாகப் பயிற்சி செய்தால் போதும். தனிப் பயிற்சி மையம் தேவையில்லை. இரண்டாம் மொழியாகத் தமிழ் தொடர முடியுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள், மாநிலத்துக்கு வெளியே உள்ள பள்ளியானால் கட்டாயம் கேளுங்கள். நவம்பருக்குள், பெற்றோர் இல்லாமல் பாட்டி வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ ஒரு வாரம் பிள்ளையை விட்டுப் பாருங்கள். தன் துணியைத் தானே துவைக்க, தலையைத் தானே வார, பிடிக்காத சாப்பாட்டையும் கொஞ்சம் சாப்பிட அந்த வாரத்தில் பழகட்டும்.

இந்த ஆண்டே பெயர் பதிந்து வைத்த பள்ளியிலிருந்து ஜூலையில் அழைப்பு வந்தால், போவதா வேண்டாமா என்று பிள்ளையிடம் மறுபடி ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்று அது சொன்னால், கோப்பை அடுத்த ஆண்டுக்கு மாற்றிவைக்க முடியுமா என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டுவையுங்கள்.